மூழ்கிய கப்பலில் யார் யார் குடியிருக்கிறார்கள்? குளிர்க்கடலில் கணக்கெடுப்பது எப்படி

2015 ஏப்ரல் 4-ஆம் தேதி, வான்கூவருக்குப் பக்கத்தில் ஹௌ சவுண்ட் என்ற கடல் நுழைகழியில் இருக்கும் காம்பியர் தீவின் ஹால்கெட் குடாவில், அனாபொலிஸ் என்ற பழைய கனடியப் போர்க்கப்பலை வெடி வைத்து மூழ்கடித்தார்கள். 1964-இல் கடற்படையில் சேர்ந்த கப்பல், 113 மீட்டர் நீளம். சில நிமிடங்களில் உள்ளே போய், சுமார் 30 மீட்டர் ஆழத்தில் சேற்றுத் தரையில் உட்கார்ந்துவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இது முதல் தடவை அல்ல. 1991-இல் ஜி.பி.சர்ச் என்ற சரக்குக் கப்பலில் ஆரம்பித்து ஷோதியேர், மெக்கன்சி, கொலம்பியா, சஸ்காச்சுவன், கேப் பிரெட்டன் என்று வரிசையாகப் போட்டார்கள், 2006-இல் செமைனஸ் ஊருக்கு எதிரே ஒரு போயிங் 737 விமானத்தையே இறக்கினார்கள். எல்லாவற்றுக்கும் சொன்ன காரணம் ஒன்றுதான், மீன்களுக்கு வீடு, டைவர்களுக்கு வேடிக்கை.

வேடிக்கை இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. வீடு ஆனதா, எத்தனை பேர் குடியேறினார்கள், அவர்கள் பக்கத்துப் பாறையைக் காலி செய்துவிட்டு வந்தவர்களா அல்லது இங்கேயே வளர்ந்த புதுத் தலைமுறையா என்பதைக் கணக்கெடுத்தால்தான் சொல்ல முடியும். அந்தக் கணக்கை எப்படி எடுப்பது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு. டைவிங் தெரியும், டிரைசூட்டில் (உடம்பில் தண்ணீர் படாத உடை) நாற்பது ஐம்பது தடவையாவது இறங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அது இல்லாதவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள், ஏனென்றால் 8 டிகிரி தண்ணீரில் மிதப்பைச் சரி செய்யவே திண்டாடுகிறவரால் மீனை எண்ண முடியாது.

ஒரு வார்த்தை விவகாரம். நம் பத்திரிகைகளில் இதைச் செயற்கைப் பவளப்பாறை என்று எழுதுகிறார்கள். இங்கே வெப்பக்கடல் போலப் பாறை கட்டும் பவளமே கிடையாது, அதனால் அந்தப் பெயர் பொருந்தாது. நம் கடற்கரையில் மீனவர்கள் கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள், அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. செயற்கைப் பார்.

முதலில் கேள்வியைக் குறுக்குங்கள்

"கப்பலில் என்னென்ன இருக்கிறது" என்று இறங்கினால் அழகான படங்களோடு ஏறி வருவீர்கள், அவ்வளவுதான். இப்படிக் கேளுங்கள்: முன்தளத்துக் கைப்பிடிக் கம்பி ஓரமாக 30 மீட்டர் நீளத்தில் காப்பர் ராக்ஃபிஷ் (பாறை இடுக்குகளில் வாழும் ஒரு மீன்) எத்தனை, அதில் ஒரு சாண்கூட இல்லாத குட்டிகள் எத்தனை, போன வருஷம் இதே மாதம் எத்தனை? ஒரே இடம், ஒரே அளவு, ஒரே முறை, ஒரே பருவம். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அந்தச் சலிப்புக்குத் தயாராக இருக்கும் ஆள் பத்துப் பேரில் இரண்டு பேர்தான் கிடைப்பார்கள், கிடைத்தவரை விடாதீர்கள்.

ஒப்பிட வேறு இடமும் வேண்டும். கப்பலில் மட்டும் எண்ணினால் மீன் கூடியது கப்பலாலா, அந்த வருஷம் ஹௌ சவுண்ட் முழுக்கவே நிறையக் குஞ்சுகள் பிழைத்ததாலா என்று தெரியாது. அதே ஆழத்தில், அதே அளவு நீரோட்டம் வரும் இயற்கைப் பாறைச் சரிவு ஒன்றையும், கப்பல் இல்லாத வெறும் சேற்றுத் தரை ஒன்றையும் தேர்ந்தெடுத்து அங்கேயும் அதே அளவு நாடாவை (டேப்) அதே நீளத்துக்குப் பிடித்து எண்ணுங்கள். புதிதாக எதையாவது மூழ்கடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அது விழுவதற்கு முன்பே ஒரு வருஷமாவது அந்தத் தரையில் போய் எண்ணிவிடுங்கள். விழுந்த பிறகு அந்த வாய்ப்பு திரும்பி வராது.

இயற்கைப் பாறை தேடும்போது கண்ணாடிக் கடற்பஞ்சு இருக்கும் இடங்களை விட்டு விலகி நில்லுங்கள். சிலிக்காவால் ஆன எலும்புக்கூடு, துடுப்பு ஒரு தடவை பட்டால் உடைந்துவிடும். இப்படிப்பட்ட கடற்பஞ்சுத் திட்டுகள் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே அழிந்து போய்விட்டன என்றுதான் 1987-இல் ஹெக்கேட் நீரிணையில் உயிரோடு கண்டுபிடிக்கும் வரை நினைத்திருந்தார்கள். ஹௌ சவுண்டில் அவற்றில் சில டைவர் எட்டும் ஆழத்திலேயே இருக்கின்றன, ஹால்கெட் குடா பக்கத்திலும் உண்டு. ஒப்பிடுவதற்கு அவை வேண்டாம், வேறு பாறை பாருங்கள்.

எப்போது இறங்குவது

குளிர்காலத்தில். கேட்டதும் முகம் சுளிப்பார்கள், ஆனால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் இங்கே தண்ணீர் தெளிவு. வசந்தத்தில் மிதவை உயிரிகள் பெருகிப் பச்சைச் சூப் மாதிரி ஆகிவிடும். கோடையில் பனியாறு உருகி ஸ்குவாமிஷ் ஆறு கொண்டுவரும் பால் நிறத் தண்ணீர் மேலே ஒரு மூடி போட்டுவிடும், அதன் கீழே சில சமயம் தெளிவாக இருந்தாலும் நடுப்பகலில் இரவு போல இருட்டாக இருக்கும். இறங்கியதும் சிலேட்டு (தண்ணீருக்குள் எழுதும் பலகை) எத்தனை மீட்டரில் கண்ணுக்கு மறைகிறது என்று நாடாவை வைத்து அளந்து எழுதுங்கள். 3 மீட்டருக்குக் கீழே இருந்தால் அன்றைக்கு மீன் கணக்கு வேண்டாம், குறைவாகத்தான் எண்ணுவீர்கள், அந்தக் குறைவை யாரோ பின்னால் மீன் செத்துவிட்டது என்று படிப்பார்கள்.

ஆனால் குளிர்காலத்தில் மட்டும் போனால் பாதிக் கதை போய்விடும். ராக்ஃபிஷ் குட்டிகளைப் பார்க்கக் கோடை முடிவில் ஒரு தடவை, லிங்காட் முட்டைக்கு ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் ஒரு தடவை. லிங்காட் பெண் மீன் தர்பூசணி அளவுக்கு வெள்ளை நுரைக்கட்டி மாதிரி முட்டைத் திரளைப் பாறை இடுக்கிலோ கப்பல் தகட்டின் மடிப்பிலோ ஒட்ட வைத்துவிட்டுப் போய்விடும், ஆண் மீன் வாரக்கணக்கில் காவல் நிற்கும். காவல் என்றால் நிஜமான காவல், கிட்டே போனால் முட்டும், கடிக்கும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று டார்ச் அடித்து, முட்டைத் திரள் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் காவல் உண்டா என்று மட்டும் எழுதினால் போதும். காவல் இல்லாத திரளும் முக்கியமான தகவல்.

நேரம் குறிப்பதில் இன்னொன்று. நனைமோ என்ற ஊர்ப் பக்கம் சஸ்காச்சுவன், கேப் பிரெட்டன் கப்பல்கள் கிடக்கும் இடங்களில் வற்றுப்பெருக்கின் இழுப்பு பலமாக இருக்கும், ஏறும் கடலுக்கும் வடியும் கடலுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும் அந்தச் சிறு இடைவெளியைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஹால்கெட் குடா அமைதியான இடம், அந்தத் தொல்லை குறைவு.

கப்பலைப் பங்கு பிரிப்பது

கப்பல் ஒரே வீடு அல்ல, அடுக்குமாடி. தளம் போன்ற படுக்கை வசப் பரப்புகளில் வண்டல் படிந்துவிடும், ஒட்டிக்கொண்டு வாழும் உயிர்களுக்கு அது பிடிக்காது. செங்குத்தான பக்கச் சுவர், கம்பி, விளிம்பு, இங்கெல்லாம் நீரோட்டம் உணவைக் கொண்டுவந்து ஊட்டுவதால் வெள்ளையும் ஆரஞ்சுமாக இறகுக் கடல் சாமந்தி (ப்ளூமோஸ் அனிமோனி என்பார்கள்) கூட்டமாக நிற்கும். வெளிச்சம் எட்டும் மேல்பகுதியில் பாசிகள். நிழலான அடிப்பக்கத்தில் கடற்பஞ்சும் குழாய்ப் புழுவும். கப்பலைச் சுற்றி உள்ள சேற்றுத் தரை தனி உலகம், மேலிருந்து விழும் சிப்பி ஓடுகளும் கழிவும் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். இவற்றை ஒன்றாகக் கலந்து எண்ணாதீர்கள். தளம், சுவர், தரை என்று குறைந்தது மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனி நாடா. கப்பலின் உள்ளே கணக்கெடுப்பு வேண்டாம். நீங்கள் விடும் காற்றுக் குமிழியே கூரைத் துருவை உதிர்த்துக் கண்ணை மறைத்துவிடும்.

இடத்தை ஆழமானியை வைத்து அடையாளம் வைக்காதீர்கள். இந்தத் தப்பை நான் ஒரு வருஷம் முழுக்கச் செய்தேன். இங்கே கடல் மட்டம் ஒரே நாளில் 4 மீட்டருக்கு மேல்கூட ஏறி இறங்கும், "18 மீட்டர் ஆழத்தில்" என்று எழுதி வைத்த இடம் அடுத்த முறை ஒரு மாடி கீழே போயிருந்தது. கப்பலின் உடம்பையே அடையாளமாக வையுங்கள்: இடது பக்கம், முன்னால் இருந்து இரண்டாவது கயிறு கட்டும் முளை, அங்கிருந்து பின்னோக்கி 30 மீட்டர். மாட்டுக் காதில் போடும் எண் போட்ட பிளாஸ்டிக் வில்லையைக் கேபிள் டையால் கட்டி வைப்பது நல்ல வழி, ஆனால் அனாபொலிஸ் கிடப்பது மாகாணப் பூங்காவுக்குள், எதையும் கட்டுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். ஆறே மாதத்தில் வில்லை மேலும் கொட்டலசு ஏறிவிடும், பழைய பல்துலக்கி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்.

எண்ணுவது

புதிதாக ஆரம்பிப்பவர்கள் ரீஃப் என்ற அமெரிக்க அமைப்பு தன்னார்வலர்களுக்காகப் பல வருஷமாக நடத்திவரும் சுற்றித் திரிந்து எண்ணும் முறையில் தொடங்கலாம். இஷ்டம் போல் நீந்தி, கண்ணில் பட்ட ஒவ்வொரு இனத்துக்கும் ஒன்றா, 2 முதல் 10 வரையா, 11 முதல் 100 வரையா, 100-க்கு மேலா என்று நான்கில் ஒன்றைக் குறிப்பது. அரிதான இனங்களைப் பிடிக்க இது நல்லது, பயிற்சிக்கும் நல்லது. குறை என்னவென்றால் 12 மீனும் 90 மீனும் ஒரே கட்டத்தில் விழும், மெதுவாக ஏறும் எண்ணிக்கை அதில் தெரியாது.

அதற்குத்தான் நாடா. 30 மீட்டர் நாடா, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர், உயரம் 2 மீட்டர். தரையில் இது 60 சதுர மீட்டர். மீனை எண்ணுகிறவர் நாடாவை விரித்துக்கொண்டே எண்ண வேண்டும், விரித்து முடித்துவிட்டுத் திரும்பி வந்து எண்ணினால் பாதி மீன் ஓடிப் போயிருக்கும், மீதிப் பாதி வேடிக்கை பார்க்கக் கூடியிருக்கும். இணை டைவர் பின்னால் வந்து, திரும்பும் வழியில் தரையோடு ஊரும் உயிர்களை எண்ணுவார்: நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை, நண்டு. இடுக்குகளுக்குள் டார்ச் அடியுங்கள். பேய்க்கணவாயை நேரில் பார்ப்பது அபூர்வம், ஆனால் பொந்து வாசலில் நண்டு ஓடுகள் குவிந்திருந்தால் உள்ளே ஆள் இருக்க வாய்ப்புண்டு, "பொந்து, ஓடு புதிது" என்று தனி வரியில் எழுதுங்கள். சுவரில் எண்ணும்போது நாடாவைக் கம்பியில் கோத்து, அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு மீட்டர்.

ராக்ஃபிஷ் இனம் பிரிப்பது ஆரம்பத்தில் தலைவலி. காப்பருக்கு உடம்பின் பின்புற மூன்றில் இரண்டு பங்கில் பக்கக்கோட்டை ஒட்டி வெளிறிய பட்டை. குவில்பேக்குக்கு முதுகு முள் நீளம், கருத்த உடம்பில் மஞ்சள் திட்டு. பிரவுனுக்குச் செவுள் மூடியில் கறுப்புப் புள்ளி. யெல்லோஐ குட்டி என்றால் சிவப்பு உடம்பில் இரண்டு வெள்ளைக் கோடு, பார்த்தால் மறக்க மாட்டீர்கள். சந்தேகம் வந்தால் "ராக்ஃபிஷ், இனம் தெரியவில்லை" என்று எழுதுவதில் எந்த அவமானமும் இல்லை, ஊகித்து எழுதுவதில்தான் இருக்கிறது.

நீளத்தையும் எழுத வேண்டும். 10 சென்டிமீட்டருக்குள், 10–20, 20–30, அதற்கு மேல் என்று கட்டம் போதும். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதனால் சிலேட்டு ஓரத்தில் 10 சென்டிமீட்டர் கோடு போட்டு வைத்து, தெரிந்த நீளமுள்ள குச்சிகளைத் தண்ணீரில் பார்த்துப் பழகுங்கள். நீளத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், ராக்ஃபிஷ் மெதுவாக வளர்கிற சாதி, யெல்லோஐ நூறு வயதைத் தாண்டி வாழும். கப்பல் விழுந்து இரண்டு வருஷத்தில் 35 சென்டிமீட்டர் குவில்பேக் ஒன்று தளத்தில் உட்கார்ந்திருந்தால் அது அங்கே வளர்ந்தது அல்ல, வேறு எங்கிருந்தோ குடிபெயர்ந்தது. குட்டிகள் வந்து, அடுத்தடுத்த வருஷங்களில் அதே குட்டிகள் நடுத்தர அளவுக்கு ஏறுவது கணக்கில் தெரிந்தால்தான் கப்பல் மீனை வளர்க்கிறது என்று வாய் திறக்கலாம். கூட்டம் கூடுவதை மட்டும் காட்டி வெற்றி என்று சொல்வது, மீன்பிடித் தடை இல்லாத இடத்தில், ஆபத்தான பேச்சுகூட. எல்லா மீனையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கொடுத்தால் தூண்டிலுக்கு வசதிதானே.

கடல் சாமந்தியில் ஒரு சூட்சுமம். விரிந்து நிற்கும்போது ஒன்றே பெரிய பரப்பை மறைக்கும், சுருங்கினால் ஈரமான உருண்டை. அதனால் எத்தனை சதவீதப் பரப்பை மூடியிருக்கிறது என்று மட்டும் அளந்தால், ஒன்றுகூடச் சாகாமல் உங்கள் கணக்கில் பாதி காணாமல் போகும். 50-க்கு 50 சென்டிமீட்டர் சட்டத்தை வைத்துப் படமெடுத்து, அதில் பரப்பையும் பாருங்கள், தண்டுகளையும் எண்ணுங்கள், விரிந்ததா சுருங்கியதா என்றும் எழுதுங்கள். ஒவ்வொரு நாடாவின் முதல் படமும் சிலேட்டின் படமாக இருக்கட்டும்: தேதி, இடம், நாடா எண். கேமராவின் கடிகாரத்தைக் கரையிலேயே சரிபாருங்கள். என் முதல் வருஷப் படங்களில் பாதி, அளவுகோலும் இல்லாமல் தேதியும் தப்பாகி, சுவரில் மாட்டத்தான் லாயக்கு.

பூஜ்யம்

இதைத்தான் யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள். 2013-இல் நட்சத்திர மீன்கள் உருகிச் சாகும் நோய் இந்தக் கரை முழுக்கப் பரவியது, ஹௌ சவுண்டிலும் கொத்துக் கொத்தாகச் செத்தன. இருபத்து நான்கு கை வரை வைத்துக்கொண்டு ஓடியோடி வேட்டையாடும் சூரியகாந்தி நட்சத்திர மீன் கிட்டத்தட்ட மறைந்தது, அது தின்றுகொண்டிருந்த பச்சை முள்ளெலி பெருகியது, முள்ளெலி தின்றதில் கெல்ப் பாசி குறைந்தது. விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியாதான் காரணம் என்று 2025-இல்தான் கண்டுபிடித்தார்கள். இந்தச் சங்கிலியை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்ததே, நோய் வருவதற்கு முன்பே சில டைவர்கள் அந்த இடங்களில் நட்சத்திர மீனையும் முள்ளெலியையும் எண்ணி வைத்திருந்ததால்தான்.

அனாபொலிஸ் விழுந்தது 2015-இல், அதாவது நட்சத்திர மீன் போன பிறகு. அந்தக் கப்பலின் முதல் நாள் கணக்கே வேட்டைக்காரன் இல்லாத ஊரின் கணக்கு. ஆகவே உங்கள் தாளில் சூரியகாந்தி நட்சத்திர மீன் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் தேடிவிட்டு 0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் பின்னால் பார்ப்பவருக்கு நீங்கள் தேடினீர்களா, மறந்தீர்களா என்று தெரியாது. என்றைக்காவது அதில் 1 விழுந்தால் அதன் மதிப்பு முன்னால் நிற்கும் பூஜ்யங்களால்தான்.

குளிரும் கையும்

30 மீட்டரில் 8–9 டிகிரி. முதல் இருபது நிமிடம் எல்லாம் நன்றாகப் போகும், முப்பத்தைந்தாவது நிமிடத்தில் விரல் மரத்து, 3 எழுதினால் 8 மாதிரி இருக்கும், ஆழத்தின் மயக்கம் வேறு சேர்ந்துகொள்ளும். அதனால் வேலையைச் சின்னதாக வெட்டுங்கள். ஒரு டைவுக்கு இரண்டு நாடா, அதற்கு மேல் இல்லை. ஆழமானதை முதலில், ஆழம் குறைந்ததைப் பிறகு. இனப் பெயர்களை முன்பே அச்சடித்த நீர்புகாத் தாளில் வெறும் கோடு போட்டு ஐந்தைந்தாக எண்ணுங்கள், பெயர் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். தடிமனான பென்சில் இரண்டு, இரண்டும் கயிற்றில். உலர் கையுறை வாங்கக் காசு இருந்தால் மற்ற எதற்கும் முன்னால் அதை வாங்குங்கள். ரெகுலேட்டர் (உருளைக் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) குளிர்நீருக்கானதாக இருக்கட்டும், சாதாரணமானது உறைந்து காற்றைக் கொட்ட ஆரம்பித்தால் கணக்கும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இணையோடு சேர்ந்து மேலே வருவதுதான் அன்றைய வேலை.

இந்தக் கணக்கு சொல்லாத ஒன்றும் உண்டு. அனாபொலிஸை மூழ்கடிக்கும் முன் அதில் பி.சி.பி. என்ற நச்சு இருந்ததைச் சொல்லிப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது, நீதிமன்றம் வரை போனது. மீன் நிறைய இருக்கிறது என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. அதற்குச் சேற்றையும் உயிரிகளின் சதையையும் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும், அது டைவரின் சிலேட்டில் நடக்கிற காரியம் இல்லை. கேட்பவர்களிடம் இதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

கரையேறிய பிறகு

அன்று ராத்திரியே கணினியில் ஏற்றுங்கள், மறுநாள் உங்கள் கிறுக்கல் உங்களுக்கே புரியாது. ஒரு வரிக்கு ஒரு இனம், ஒரு நீள அளவு, ஒரு எண்ணிக்கை; தேதி, இடம், நாடா எண், எண்ணியவர் யார், தெளிவு எத்தனை மீட்டர், தண்ணீர் எத்தனை டிகிரி. 60 சதுர மீட்டரில் 12 காப்பர் என்றால் 100 சதுர மீட்டருக்கு 20 என்று மாற்றினால்தான் வேறு இடத்தோடு ஒப்பிட வரும், ஆனால் மூல எண்ணான 12-ஐ அழித்துவிடாதீர்கள். பருவத்துக்கு ஒரு தடவையாவது ஒரே நாடாவை இருவரும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். ஒருவர் 12, மற்றவர் 19 என்றால் சண்டை போட வேண்டாம், யார் எதை விடுகிறார் என்று கண்டுபிடியுங்கள், என் விஷயத்தில் தளத்தில் அசையாமல் கிடக்கும் மீன்களை நான்தான் விட்டுக்கொண்டிருந்தேன். அடையாளம் தெரியாதவற்றின் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் போட்டால் யாராவது பெயர் சொல்லிவிடுவார்கள். வலை, தூண்டில் நரம்பு, கைவிட்ட இறால் கூடு எதுவும் கப்பலில் சிக்கியிருந்தால் அதற்கும் ஒரு வரி.

சிலேட்டை இரண்டு பக்கமும் படமெடுத்து, படம் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அதற்கு அப்புறம் பாத்திரம் துலக்கும் பவுடரைப் போட்டுத் தேய்த்தால் பென்சில் கோடு போய்விடும்.